லத்தீபா மேடு

கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு டீ குடித்ததுதான் ரிஃபாய் செய்த தப்பு. மற்றபடி அன்றைய காலை குறையில்லாமல்தான் போய்க்கொண்டிருந்தது.

சென்னை ஆபீசிலிருந்து வீரபத்திரன் பேசினார். ரிஃபாய்க்கு அவர்தான் மேலதிகாரி. நல்ல மனிதர், குரல் மட்டும் தண்டோரா போடுகிற குரல். “ரிஃபாய், எனக்கென்னமோ லத்தீபா மேல நம்பிக்கை வர மாட்டேங்குது. பார்க்க அம்சமாத்தான் இருக்கு, ஒத்துக்கறேன். உள்ள ஒண்ணும் இல்லேன்னா என்ன பண்றது?” என்று அவர் கேட்டது, பெரியபட்டினத்து வீட்டின் முன்னறையைத் தாண்டி, ஒரு சொல்லும் சிந்தாமல் அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்தது. மீன் ஆய்ந்துகொண்டிருந்த லத்தீபா எழுந்து வந்து வாசல்நிலையில் நின்றாள். கையில் பாதி செதிள் எடுத்த விளமீன் இருந்தது.

ரிஃபாய் என்னவோ சமாளித்துப் பேசி இணைப்பைத் துண்டித்தார். மனைவியைப் பார்த்துச் சிரிக்க முயன்றார், முடியவில்லை.

“யாரு மச்சான் அது? என்னைய எங்கன பார்த்தாராம்?” என்றாள் லத்தீபா.

கடலுக்கடியில் எண்ணெய் தேடும் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இன்ன இடத்தில் எண்ணெய் இருக்கலாம் என்று முதலில் கண்டு வரைந்தவர் யாரோ, அவர்தான் அந்த இடத்துக்குப் பெயர் வைப்பார். சிலர் மீன் பெயர் வைப்பார்கள், சிலர் நட்சத்திரத்தின் பெயர். மஸ்கட்டில் ரிஃபாயோடு வேலை பார்த்த எகிப்துக்காரர் ஒருவர் மாமியார் பெயரை வைத்தார். தோண்டினால் வெறும் உப்புத் தண்ணீர் வந்தது. அதற்கப்புறம் அந்த மனிதர் விடுமுறைக்கு ஊருக்குப் போவதையே குறைத்துக்கொண்டார்.

ரிஃபாய் வைத்த பெயர் லத்தீபா. கல்யாணமான புதிதில் மஸ்கட்டிலிருந்து போனில் சொன்ன வாக்கு அது. தனக்கென்று ஒரு கிணறு வாய்த்தால் அதற்கு அவள் பெயர்தான் என்றார். வெட்டப்போகிற கிணற்றுக்கெல்லாம் பொண்டாட்டி பேரா என்று அவள் சிரித்தாள், மறந்தும் போனாள். அவர் மறக்கவில்லை. இருபத்து நான்கு வருஷம் ஓமானில் அடுத்தவர் கண்ட வயல்களுக்கு ஓரம் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இங்கே ஒரு வெடிப்பு, அங்கே ஒரு மணல் திட்டு என்று அவர் வரைந்து கொடுத்த துண்டுகள் எத்தனையோ கிணறுகளுக்கு உதவின. ஆனால் அவரே கண்டு, அவரே வரைந்து, அவர் விரல் வைத்த இடத்தில் ஒரு கிணறும் இறங்கியதில்லை. மூன்று வருஷம் முன்பு ஊர் திரும்பியபோது அந்த ஆசையும் பெட்டியோடு திரும்பி வந்தது.

வந்த இடத்தில் அதிர்ஷ்டம் கதவைத் தட்டியது. ஒரு கம்பெனி மன்னார் வளைகுடாவில், தீவுகளையும் கடல்வாழ் உயிரினப் பூங்காவின் எல்லையையும் தாண்டி வெகு தெற்கே ஆழ்கடலில் ஒரு பகுதியைத் தேடுவதற்கு எடுத்திருந்தது. வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. முன்னறையில் இரண்டு பெரிய திரைகளை வைத்துக்கொண்டு ரிஃபாய் உட்கார்ந்தார். தான் நீந்திப் பழகிய கடலின் அடிவயிற்றை முதன்முதலாகப் பார்த்தார்.

அந்த அடிவயிற்றின் கதை பெரிய கதை. டைனோசர்கள் திரிந்த காலத்தில் இந்தியாவும் இலங்கையும் ஒட்டிக் கிடந்த ஒரே நிலம். தெற்கே இருந்த பெருங்கண்டம் உடைந்தபோது இவை இரண்டும் பிரியக் கிளம்பின. அண்ணன் தம்பி இருவர் பாகம் பிரிக்க நடுவீட்டில் சுவர் எழுப்புகிறோம் என்று அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிவிட்டு, பாதியில் மனம் மாறிக் கடப்பாரையைப் போட்டுவிட்டுப் போன மாதிரி, அந்தப் பிரிவினை பாதியிலேயே நின்றுபோனது. ஆனால் தோண்டிய பள்ளம் தோண்டியதுதான். இழுபட்ட தரை நீள நீளமாக வெடித்தது. சில பாளங்கள் இறங்கின, சில சாய்ந்தன, சில மேடாக நின்றுவிட்டன. இறங்கிய இடத்தில் முதலில் ஏரி நின்றது, பிறகு கடல் வந்தது. ஆறுகள் கோடிக்கணக்கான வருஷம் மணலும் வண்டலும் கொண்டுவந்து கொட்டின. ஏரியடியில் மக்கிய பாசியும் சேறும் புதைந்து, பூமியின் சூட்டில் வெந்து எண்ணெயாயின.

எண்ணெய் சும்மா கிடக்கிற பொருளும் இல்லை. மணற்பாறையின் துளைகள் வழியே மேலே மேலே ஏறப் பார்க்கும். ஏறுகிற வழியில் ஒரு மேடும், மேட்டின்மேல் எண்ணெயை விடாத களிப்பாறை மூடியும் இருந்தால் அங்கே தங்கும். இல்லாவிட்டால் கசிந்து கடலோடு போய்விடும். அதனால் எண்ணெய் தேடுகிறவர்கள் முதலில் தேடுவது மேட்டைத்தான்.

ரிஃபாய் ஒரு மேட்டைக் கண்டார். கப்பல் ஒன்று கடலுக்குள் ஒலியை அனுப்பி, அது அடுக்கு அடுக்காகப் பட்டுத் திரும்பிய நேரத்தைப் பதிந்து கொடுத்த படத்தில், மூன்று கிலோமீட்டர் அகலத்துக்கு அழகான ஒரு முதுகு எழும்பித் தெரிந்தது. அதற்கு நேர் மேலே, பிற்கால அடுக்கில், பழைய பவளப்பாறை ஒன்று புதைந்து கிடந்தது. ரிஃபாய்க்குச் சந்தேகமே வரவில்லை. பவளம் வெளிச்சம் தேடுகிற ஜீவன், ஆழத்தில் பிழைக்காது, மேடு பார்த்துத்தான் உட்காரும். புதுமடத்துக்கு எதிரே இருக்கும் தீவுகளுக்குச் சிறுவயதில் வல்லத்தில் போய்த் திரிந்தவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலே பவளம் இருக்கிறது, ஆகவே கீழே மேடு இருக்கிறது. கம்பெனியில் மற்றவர்கள் பத்துச் சாட்சி கேட்டார்கள். ரிஃபாய்க்கு அந்தப் பவளம் ஒன்றே போதுமாக இருந்தது.

இதையெல்லாம் மீனும் கையுமாக நின்ற லத்தீபாவிடம் அன்று விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று. ஊர்பேர் தெரியாத ஆண்கள் ‘லத்தீபா எவ்வளவு ஆழம்’, ‘லத்தீபா வத்திப்போகுமா’ என்று பேசிக்கொண்டிருப்பதை நினைத்து அவளுக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. கடைசியில், இதெல்லாம் கீழக்கரையில் இருக்கும் நாத்தனார் காதுக்குப் போய்விடக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

ரிஃபாய் அந்த உற்சாகத்தில் மிச்சத்தையும் சொன்னார். அடுத்த வாரம் கம்பெனியின் கமிட்டி கூடுகிறது. கமிட்டி ஒப்புக்கொண்டால் கிணறு உறுதி. கிணற்றைத் திட்டம் போடுவதும் தோண்டுவதும் மும்பை ஆபீசின் பொறுப்பு, அதனால் இடத்தைக் கண்டவர் என்ற முறையில் அவரும் மும்பைக்குப் போய் உட்கார வேண்டும். எப்படியும் இரண்டு வருஷம் ஆகும், கூட ஆனாலும் ஆகலாம். லத்தீபா கையிலிருந்த மீனைப் பார்த்தாள். “மாஷா அல்லாஹ். நல்லா வரட்டும்,” என்றாள்.

“நீயும் துஆ செய்யி லத்தீபா. இது ஒண்ணுதான் எனக்கு ஆசை.”

“செய்யுறேன் மச்சான்,” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள்.

அன்றிலிருந்து ஐந்து வேளையும் தொழுது முடித்து ரிஃபாய் அந்த மேட்டுக்காகக் கையேந்தினார். பின்னறையில் லத்தீபாவும் வழக்கத்தைவிட நேரமெடுத்துக் கையேந்தியிருப்பதைப் பார்த்தார். அவருக்கு மனசு நிறைந்துபோயிற்று.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தர்சனா வந்தாள். சென்னை ஆபீசில் வேலை பார்க்கிறவள். மண்டபம் அகதி முகாமில் பிறந்து, அங்கிருந்தே படித்து மேலே வந்த பெண். அவளுடைய அப்பாவும் அம்மாவும் இலங்கை மன்னாரிலிருந்து வந்தவர்கள், இன்னமும் முகாமில்தான் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்க லீவில் வந்தவள், அப்படியே ரிஃபாயையும் பார்க்க வந்திருந்தாள். பார்க்க வந்ததற்குக் காரணமும் இருந்தது. ஒருவர் வரைந்த படத்தை இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அது கமிட்டிக்குப் போகும். லத்தீபாவைச் சரிபார்க்கும் வேலை தர்சனாவிடம் வந்திருந்தது.

சாப்பாடு முடியும்வரை அவள் வேலையைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. லத்தீபா வைத்த ஆணத்தை, அதாவது மீன் குழம்பை, இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். துபாயில் கட்டிக்கொடுத்திருக்கும் மகள் சஃபாவைப் பற்றி விசாரித்தாள். கை கழுவிவிட்டுத் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் அந்த ஒற்றைக் கேள்வியைக் கேட்டாள்.

“இந்தப் பவளப்பாறை எவ்வளவு தடிமன்னு வச்சிருக்கீங்க சார்?”

“நம்ம தீவுல இருக்கிறது மாதிரிதான். தலையில தொப்பி வச்ச மாதிரி ஒரு மெல்லிசுப் பாளம். தோண்டுனா கொஞ்சத்துலயே அடியில மணல்பாறை வந்துரும்.”

“அது இன்னைக்கு இருக்கிற கடல் சார். அப்ப தரை தாழ்ந்துக்கிட்டே இருந்திருந்தா?”

தாழ்ந்தால் பவளம் இருட்டில் செத்துப்போகும் என்றார் ரிஃபாய். மெதுவாகத் தாழ்ந்தால் சாகாது என்றாள் அவள். தரை ஒரு முழம் இறங்கினால் பவளம் ஒரு முழம் மேலே வளர்ந்து வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்படியே லட்சக்கணக்கான வருஷம் போனால் பாறை நூற்றுக்கணக்கான மீட்டர் தடித்துவிடும். அப்படித் தடித்திருந்தால், பவளம் இருப்பது கீழே மேடு இருப்பதற்குச் சாட்சி ஆகாது. தரை இறங்கிக்கொண்டே போனதற்குத்தான் சாட்சி.

அதோடு முடிந்திருந்தால் ரிஃபாய் வாதாடியிருப்பார். ஆனால் அவள் சொல்லாமல் விட்டதுதான் பெரிய விஷயம், அது இருவருக்கும் தெரியும். அந்தப் படத்தில் இருப்பது ஆழம் இல்லை, ஒலி போய்த் திரும்பிய நேரம். களிமண்ணில் ஒலி மெதுவாகப் போகும், கெட்டியான பவளப்பாறையில் ஓட்டமாக ஓடும். பாறை தடித்திருந்தால், அதன் வழியே போன ஒலி சீக்கிரமே திரும்பி வந்துவிடும். சீக்கிரம் வந்ததைக் கிட்டத்தில் இருப்பதாகப் படம் காட்டும். தண்ணீர்ச் செம்பின் அடியில் போட்ட காசு மேலே மிதந்து நிற்பது போலத் தெரியுமே, அதே கதைதான். பாறைக்குக் கீழே தட்டையாகக் கிடக்கிற அடுக்குகூட மேடாகத் தெரியும்.

ரிஃபாய்க்கு முகம் சிவந்துவிட்டது. “நான் பவளத்து மேல நடந்து வளந்தவன் தர்சனா. எனக்கு நீ பவளம் சொல்லித் தாரியா?” என்றார். குரல் உயர்ந்தது அவருக்கே கேட்டது.

தர்சனா நாற்காலியை விட்டு எழுந்தாள். இப்போதைக்கு எதையும் தான் எழுதப்போவதில்லை என்றும், சார் இன்னொரு தடவை பார்த்துவிட்டு என்ன சொல்கிறாரோ அதற்குப் பிறகுதான் எழுதுவதாகவும் சொன்னாள். போகும்போது லத்தீபா ஒரு தூக்கில் ஆணம் ஊற்றிக் கொடுத்ததை அப்பாவுக்கு என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் முழுக்க ரிஃபாய் கடற்கரையில் நடந்தார். நடந்தார் என்பதைவிடப் பொருமினார் என்பதே சரி. நேற்று வந்த பெண் என்று திட்டினார். தான் ஓமானில் வேலைக்குச் சேர்ந்தபோது இவளுக்குப் பல்கூட முளைத்திருக்காது என்று கணக்குப் போட்டார். பிறகு, அவள் என்னதான் தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று யோசித்தார். அந்த இடத்துக்கு வந்ததும் யோசனையை நிறுத்திவிட்டு மறுபடியும் திட்ட ஆரம்பித்தார். இரவு சாப்பாட்டில் உப்பு இல்லை என்று சொன்னார். உப்பு சரியாகத்தான் இருந்தது.

காலையில் சுபுஹு தொழுதுவிட்டுத் திரையைத் திறந்தார். பொய் மேட்டைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் இருக்கிறது. நிஜமான மேடு என்றால் அடியில் இருக்கும் அடுக்குகள் அதிகமாக வளைந்திருக்கும், மேலே வர வர வளைவு குறையும். ஏனென்றால் மேடு முதலில் எழுந்தது, வண்டல் பிறகு வந்து அதன்மேல் மெல்ல மெல்ல மூடியது. பொய் மேடு என்றால் பாறைக்குக் கீழே உள்ள அத்தனை அடுக்கும், மேலே இருப்பது முதல் அடித்தளம் வரை, ஒரே அளவுக்கு வளைந்திருக்கும். எல்லாம் ஒரே கண்ணாடி வழியாகத் தெரிகிற உருவம் அல்லவா. ஓமானில் இதை அவர் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அடுத்தவர் படங்களில் கண்டுபிடித்துக் குத்திக்காட்டியும் இருக்கிறார்.

தன் படத்தில் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவே இல்லை. இது தன் கடல் என்ற நினைப்பு கண்ணை மறைத்துவிட்டது.

இப்போது பார்த்தார். அத்தனை அடுக்கும் ஒரே அளவுக்கு வளைந்திருந்தன. பவளப்பாறையின் அடிப்பக்கம் என்று அவர் கோடு போட்டிருந்தது பாறையின் நடுப்பகுதி. உண்மையான அடிப்பக்கம் மங்கலாக, வெகு கீழே கிடந்தது. சரியான தடிமனையும் வேகத்தையும் கொடுத்து நேரத்தை ஆழமாக மாற்றச் சொன்னார். இயந்திரம் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு திரையில் லத்தீபா மேடு மெதுவாகப் படுத்துவிட்டது.

ரிஃபாய்க்கு அழுகை வந்தது. இத்தனை வயசுக்குப் பிறகு ஒரு படத்துக்காக அழுவதா என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார், மறுபடியும் வந்தது. இன்னொரு வாய்ப்பு வரப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். கம்பெனி எடுத்த பகுதியில் வேறு மேடு கிடையாது. கேட்டு, தேடி, காத்திருந்து கிடைத்த ஒன்றே ஒன்று அதுதான்.

அந்த நேரத்தில்தான் சைத்தான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். வாதாடினால் என்ன என்று கேட்டான். பாறையின் அடிப்பக்கம் மங்கல்தானே, இங்கேதான் இருக்கிறது என்று யார் அடித்துச் சொல்ல முடியும்? தர்சனா மறுத்து எழுதினாலும் அனுபவத்தைக் காட்டி அவள் வாயை அடைத்துவிடலாம். தோண்டிப் பார்த்தால்தான் தெரியும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்கிற பேச்சு. புதுக் கடலில் தோண்டுகிற கிணறுகளில் வறண்டு போவதுதான் அதிகம், அதற்காக யாரும் யாரையும் தூக்கில் போடுவதில்லை. ரிஃபாய் அந்த வாதத்தை மனசுக்குள் முழுசாகச் சொல்லிப் பார்த்தார். நன்றாகவே இருந்தது, கமிட்டி நிச்சயம் ஒப்புக்கொள்ளும். அது அவருக்குப் பயமாக இருந்தது.

பயத்தில் திரையின் மூலையைப் பார்த்தார். லத்தீபா என்று பெயர் எழுதியிருந்தது. பொய் என்று தெரிந்த இடத்தில் அந்தப் பெயரை எழுதிக் கடலுக்குள் இறக்க அவருக்கு மனம் வரவில்லை. வேறு எந்தப் பெயராக இருந்திருந்தாலும் என்ன செய்திருப்பார் என்று அவராலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பெயரை அழித்தார்.

அழித்துவிட்டு, வந்தது வந்தோம் என்று படத்தை முழுசாகப் பார்த்தார். பொய் மேடு போனதும், அது இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தது தெரிந்தது. அடுக்குகள் தட்டையாகக்கூடக் கிடக்கவில்லை. மேற்கிலிருந்து கிழக்கே மெல்ல ஏறிக்கொண்டே போயின. பாகம் பிரித்த அந்தப் பழைய காலத்தில் உடைந்து சாய்ந்த பெரிய பாளம் அது. இந்தப் பக்கம் தாழ்ந்து கிடப்பது அதன் வால் பகுதி. எண்ணெய் ஏறித் தங்குகிற தலை எங்கே என்று கிழக்கே போனார். ஏறிக்கொண்டே போனது. மேலே களிப்பாறை மூடி கெட்டியாக, ஓர் ஓட்டை உடைசல் இல்லாமல் கூடவே வந்தது. பாளத்தை உடைத்த வெடிப்பு எண்ணெய் வேகும் முன்பே அடங்கித் தூங்கிப்போயிருந்தது, பிறகு புரண்டுகூடப் படுக்கவில்லை. இதைவிட நல்ல சாய்வை ரிஃபாய் ஓமானிலும் பார்த்ததில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் கிழக்கே நகர்த்தினார். படம் முடிந்துவிட்டது.

முடிந்த இடம் சர்வதேச எல்லைக்கோடு. அடுக்குகள் அதைப் பொருட்படுத்தாமல் அந்தப் பக்கத்துக்கு ஏறிக்கொண்டிருந்தன. தலை இலங்கைக் கடலில் இருந்தது.

ரிஃபாய் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து தர்சனாவைப் போனில் கூப்பிட்டார். முதலில் மன்னிப்புக் கேட்டார். அவள் சங்கடப்பட்டுப் பேச்சை மாற்றப் பார்த்தாள், அவர் விடவில்லை, முழுசாகக் கேட்டு முடித்தார். பிறகு பாளத்தின் கதையைச் சொன்னார்.

“அப்ப எண்ணெய் எங்கட பக்கம் போயிட்டுது சார்,” என்றாள் தர்சனா. “அப்பாட்ட சொல்ல மாட்டன். சொன்னா இண்டைக்கே மூட்டை கட்டிருவார்.”

ஆபீஸ் பேச்சில் அவள் அப்படிப் பேசி ரிஃபாய் கேட்டதில்லை. முகாமுக்குள் பேசுகிற பேச்சு அது. அவருக்கு அது பிடித்திருந்தது.

கமிட்டி திரையில் கூடியபோது, தர்சனா பேசுவதற்கு முன்பே ரிஃபாய் தானாகச் சொல்லிவிட்டார். மேடு இல்லை, பவளம் ஏமாற்றிவிட்டது, ஏமாந்தது நான், கண்டுபிடித்தது தர்சனா. பாளத்தின் தலை எல்லைக்கு அப்பால் இருக்கிறது, நம் பக்கம் தோண்ட ஒன்றும் இல்லை. வீரபத்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தான் அன்றைக்கே சந்தேகப்பட்டதாக எல்லோருக்கும் ஒருமுறை ஞாபகப்படுத்தினார். பிறகு, வீண் கிணறு ஒன்று தப்பியது என்று மனசாரச் சொன்னார். கடல் பகுதியை அரசாங்கத்திடம் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவானது. ராமநாதபுரம் பக்கம் தரையில் எடுத்த பழைய ஒலிப்படங்கள் கிடக்கின்றன, அவற்றை வீட்டிலிருந்தே பார்க்க முடியுமா என்று ரிஃபாயைக் கேட்டார்கள். பார்க்கிறேன் என்றார். மும்பை என்ற பேச்சே எழவில்லை.

திரையை அணைத்துவிட்டு அவர் சாப்பிட வந்தபோது லத்தீபா பாயை விரித்துத் தட்டு வைத்திருந்தாள். அன்றைக்கும் விளமீன்தான். சோற்றில் கையை வைத்துக்கொண்டு ரிஃபாய் எல்லாவற்றையும் சொன்னார். மேடு பொய்யாகப் போனதை, பெயரை அழித்ததை, பாளத்தின் தலை அந்தப் பக்கம் இருப்பதை. வாக்குக் கொடுத்தபடி நடக்க முடியவில்லை என்றும் சொன்னார். அவள் ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தார்.

லத்தீபா ஆறுதல் சொல்லவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

“துஆ செய்யச் சொன்னீகல்ல மச்சான். செஞ்சேன். ஆனா நீங்க சொன்ன மாதிரி செய்யல.”

ரிஃபாய் நிமிர்ந்து பார்த்தார்.

“அந்த எடத்துல ஒண்ணும் இருந்துறக் கூடாது ரப்பேன்னுதான் அஞ்சு வேளையும் கேட்டேன். இருந்துச்சுன்னா நீங்க கெளம்பிருவீகள்ல. இருவத்தி நாலு வருசம் நீங்க இல்லாம தனியா இருந்தாச்சு, போதும். ஒங்க ஆசையத் தட்டிவிடுறமேன்னு எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனாலும் கேட்டேன்.”

ஒரே வீட்டுக்குள், முன்னறையில் ஒருவர் எண்ணெய் இருக்க வேண்டும் என்று கையேந்த, பின்னறையில் ஒருத்தி இருக்கக் கூடாது என்று கையேந்தியிருக்கிறாள். மூன்றாயிரம் மீட்டருக்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரிந்த மனிதருக்கு அடுத்த அறையில் நடந்தது தெரியவில்லை. ரிஃபாய்க்கு வெட்கமாக இருந்தது. இந்தப் பெண் தன்னை இவ்வளவு வேண்டும் என்று கேட்டிருக்கிறாள் என்று நினைக்க நினைக்க, அந்த வெட்கத்தையும் மீறிச் சந்தோஷம் பொங்கியது.

“ஆனா மேடு இருக்குதுங்கிறீகள்ல?” என்றாள் லத்தீபா, கொஞ்சம் கவலையோடு.

“இருக்கு. அங்கிட்டு.”

“பார்த்தீகளா. நான் இங்கன வேணாம்னுதான் கேட்டேன். எங்கனயுமே வேணாம்னு கேக்கல. ஒங்க தொழில நான் கெடுப்பேனா?” என்று சொல்லிவிட்டு அவர் தட்டில் மீனின் நடுத்துண்டை எடுத்து வைத்தாள். “அந்த எடத்துக்கு என்ன பேரு வச்சீக?”

அது அடுத்த நாட்டுக் கடல், பெயர் வைக்கத் தனக்கு உரிமை இல்லை, அங்கே தேடுகிறவர்கள் எப்போதாவது கண்டுபிடித்து ஏதாவது வைத்துக்கொள்வார்கள் என்று ரிஃபாய் விளக்கினார்.

“நல்லதாப் போச்சு,” என்றாள் அவள். “எம் பேரு இங்கனயே இருக்கட்டும். நீங்க கூப்புடுறதுக்கு.”

ரிஃபாய் நடுத்துண்டைப் பிட்டு வாயில் போட்டார். பிறகு, “லத்தீபா, இன்னுங் கொஞ்சம் ஆணம் ஊத்து,” என்றார்.